ஏழாம் தளத்துக் கதவு

வெள்ளிக்கிழமை வெளியான இரண்டு எபிசோடுகளையும் பார்த்து முடித்ததும் ரஞ்சனிக்கு அருவருப்பாக இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் முகத்தைக் கழுவினாள். அப்படியும் அது போகவில்லை. கதை என்னவோ ஆகாயத்தில் நடக்கிற கதைதான். அந்த அருவருப்புக்குக் காரணம் மட்டும் இங்கே ஒரகடத்தில், அவள் வேலை பார்க்கிற கார் கம்பெனியிலேயே இருந்தது.

'கருந்திசை' என்பது தொடரின் பெயர். எந்த நாட்டுக்காரன் எடுத்தானோ, தமிழில் பேச வைத்து போனுக்குள் விட்டிருந்தார்கள். பூமி அழிந்தபிறகு பிழைத்தவர்கள் எல்லாரும் வெண்தாரகை என்ற பெரிய கப்பலில் ஏறிப் புது இடம் தேடிப் போகிறார்கள். கப்பலில் ஏழு தளம். மேல் தளத்தில் கேப்டன் ஹெல்டனும் பெரிய மனிதர்களும் கண்ணாடித் தோட்டமும். அடியில், ஏழாம் தளத்தில், குழாய் துடைக்கிறவர்களும் கழிவு அள்ளுகிறவர்களும். அவர்களில் மோரா என்றொரு நடுத்தர வயதுப் பெண்மணி. துடைத்துக்கொண்டே மேல் தளத்து ரகசியங்களை எல்லாம் காதில் வாங்கிவிடுவாள். மூன்று சீசனாக ரஞ்சனி அந்தத் தொடரைப் பார்த்ததே மோராவுக்காகத்தான்.

அந்த மோராவைத்தான் கொன்றுவிட்டார்கள். ஏழாம் தளத்தில் தீப்பிடிக்கிறது. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தே ஹெல்டன் கதவை மூடச் சொல்கிறான். மோரா கதவின் கண்ணாடியைத் தட்டுகிறாள். ஹெல்டன் கண்ணில் ஒரு சொட்டு நீர், பின்னணியில் வயலின். அடுத்த எபிசோடில் அவனுக்குப் பதக்கம் குத்துகிறார்கள். அதே பதக்கத்தோடு கண்ணாடித் தோட்டத்தில் ஒருத்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஏழாம் தளம் என்று ஒன்று இருந்ததாகவே அதற்குப் பிறகு ஒருத்தரும் பேச்செடுக்கவில்லை. இதை எழுதியவன் சோறுதான் தின்கிறானா என்று ரஞ்சனிக்குத் தோன்றியது.

சுங்குவார்சத்திரத்திலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் 'கருந்திசை'க்கு ஒரு கூட்டமே இருந்தது. அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. இரவு ஷிப்ட் முடித்துப் போகிறவர்களும் பார்த்து முடிக்க வேண்டும் என்பதால் திங்கட்கிழமை காலை பஸ் ஏறும்வரை ஒருவரும் கதையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. வாய் தவறியவர் அந்த வாரம் முழுக்கப் படிக்கட்டில் நின்றுகொண்டுதான் வரவேண்டும். சம்பள உயர்வுக்குக்கூட இவ்வளவு ஒற்றுமையாக இருந்தவர்கள் இல்லை.

திங்கட்கிழமை ரஞ்சனி வல்லக்கோட்டை நிறுத்தத்தில் ஏறும்போதே பஸ் சூடாகியிருந்தது.

"செம மாஸ்பா ஹெல்டன்!" என்று கத்திக்கொண்டிருந்தான் பிரவீன். பெயின்ட் ஷாப்பில் அவளோடு ஒரே லைனில் பம்பருக்கு பாலிஷ் போடுகிறவன். "அந்த ஒரு சொட்டுக் கண்ணீர் கீதே, அதுக்கே ஏழு சீசன் பாக்கலாம்."

"மாஸாம் மாஸ்" என்றாள் ரஞ்சனி, பையைக்கூட இறக்காமல். "உள்ள அத்தினி பேரு கத்திகினு கீறாங்க. இவன் அளுவுறானாம். அளுவுறவன் கதவத் தொறக்க வேண்டியதுதானே?"

"தொறந்தா கப்பலே பூடும். மேல கீற நாலாயிரம் பேரு?"

"தீ அணைக்கிற குழாயே மேல் தளத்துலதான்டா கீது! போன சீசன்ல காட்டல? தோட்டத்துக்குத் தண்ணி வுடுற குழாய்! அதத் திருப்பி வுட்டுருந்தா ஏழாம் தளமே பொழைச்சிருக்கும். தோட்டம் காஞ்சி பூடும்னு வுடல. அத எவனாச்சும் கேட்டீங்களா?"

பஸ் இரண்டாகப் பிரிந்து கூச்சல் போட்டது. ஓட்டுநர் ஹாரனை அடித்து அடக்கிப் பார்த்தார். அப்போது முன் சீட்டிலிருந்து இளங்கோவன் திரும்பினார். பெயின்ட் ஷாப்பின் ஷிப்ட் இன்சார்ஜ். காஞ்சிபுரத்துக்காரர், நெற்றியில் எப்போதும் கலையாத விபூதி, குரலை உயர்த்திப் பேசியே யாரும் கேட்டதில்லை. இந்தத் தொடரை பஸ்ஸுக்குள் கொண்டுவந்தவரே அவர்தான்.

"ரஞ்சனி, உணர்ச்சிவசப்பட்டுப் பேசற. தலைமையில இருக்கறவன் கஷ்டம் தலைமையில இருந்தாதாம்மா தெரியும்" என்றார் சிரித்துக்கொண்டே. "சில நேரம் கதவ மூடித்தான் ஆகணும்."

உடனே யாரோ பேச்சை மாற்றினார்கள். எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்தத் திரும்பல்தான் ரஞ்சனிக்கு ஹெல்டனைவிட அருவருப்பாக இருந்தது.

நடந்தது இதுதான். தீபாவளி கழிந்த சமயம், பெயின்ட் கலக்கும் அறையில் தின்னர் தீப்பிடித்து அலாரம் அடித்தது. எல்லாரும் வெளியே ஓடி வந்து வரிசையில் நின்றார்கள். தலை எண்ணி முடித்தபிறகுதான் தீத்தடுப்பு ஷட்டரை இறக்கவேண்டும் என்பது விதி. இளங்கோவன் எண்ணினார், கணக்கு சரியாக இருந்தது. ஏனென்றால் துடைக்கவும் பெருக்கவும் வருகிற கான்ட்ராக்ட் ஆட்கள் அந்தக் கணக்கிலேயே கிடையாது. "சார், கிளியம்மாக்கா உள்ள கீறாங்க! இப்பதான் மாப் எடுத்துகினு போனாங்க!" என்று ரஞ்சனி வரிசையை விட்டு ஓடிவந்து கத்தினாள். இளங்கோவன் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் பட்டனை அழுத்தினார். ஷட்டர் இறங்கியது.

கிளியம்மாள் சாகவில்லை. பின்பக்கத்து ஜன்னல் கம்பியை செக்யூரிட்டி ஆட்கள் அறுத்து வெளியே இழுத்தார்கள். ஆனால் அன்று குடித்த புகை அவள் நெஞ்சை விட்டுப் போகவில்லை. பத்தடி பெருக்கினால் நின்று இருமுவாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள் என்று பார்த்தால், வேலை நேரத்தில் உள்ளே படுத்துத் தூங்கியதாக அவள் மேலேயே குற்றம் சாட்டினார்கள். விசாரணை வைத்தார்கள். குற்றம் உறுதியானால் வேலை போகும், வைத்தியமும் கிடையாது. தூங்கவில்லை, அவள் உள்ளே இருப்பது தெரிந்துதான் கதவு மூடப்பட்டது என்று சொல்ல முன்வந்தது ஒரே ஒரு சாட்சிதான். அது ரஞ்சனி.

"நீ பாத்தத சொன்னா போதும் பாப்பா. ஒண்ணும் சேத்துச் சொல்ல வேணாம்" என்று கிளியம்மாள் கேட்டிருந்தாள். ரஞ்சனி தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

கிளியம்மாளுக்கும் 'கருந்திசை' தெரியும். போனில் பார்த்ததில்லை. டீ இடைவேளையில் ரஞ்சனி சொல்லக் கேட்பாள். "உன் ஆகாசக் கப்பலு எங்க போய்க்கினு கீது?" என்பாள். மோரா மேல் தளத்துக்காரர்களை ஏமாற்றுகிற இடமெல்லாம் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இந்தத் திங்கட்கிழமையும் கேட்டாள். "இந்த வாரம் ஒண்ணுமில்லக்கா, போர்" என்று சொல்லி ரஞ்சனி டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து எச்.ஆர். மகாலட்சுமி மேடம் ரஞ்சனியையும் பிரவீனையும் கூப்பிட்டனுப்பினார்கள். பொங்கல் விழாவுக்கு வருஷாவருஷம் கோலப்போட்டியும் மியூசிக்கல் சேரும் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் சலித்துவிட்டதாம். இந்த வருஷம் பட்டிமன்றமாம்.

"பஸ்ல நீங்க பண்ற ஆர்க்யுமென்ட் பத்தி இளங்கோவன் சார் சொன்னாரு. சூப்பர் ஐடியா! யூத் எல்லாம் கனெக்ட் ஆவாங்க. தலைப்பு, 'கேப்டன் ஹெல்டன் கதவை மூடியது சரியே, தவறே.' சார்தான் நடுவர்" என்றார்கள் மேடம். அவர்கள் தொடரைப் பார்த்ததில்லை. ஹெல்டனை அவர்கள் கெல்டன் என்றே சொன்னார்கள்.

எந்தப் பக்கம் யார் என்பதற்குச் சீட்டுக் குலுக்கினார்கள். பட்டிமன்றத்தில் அதுதானே வழக்கம். ரஞ்சனிக்கு 'சரியே' விழுந்தது, பிரவீனுக்குத் 'தவறே'. பிரவீன் அலறினான். "மேடம், மாத்திக் குடுங்க மேடம்! நான் ஹெல்டன் கட்சி, இவ மோரா கட்சி!" சீட்டு யோக்கியமாகத்தான் விழுந்திருந்தது. அதில் யாரும் திருட்டுத்தனம் செய்யவில்லை. மாற்றிக்கொள்ளவும் மேடம் சம்மதித்துவிட்டார்கள்.

வேண்டாம் என்றவள் ரஞ்சனிதான்.

அதற்குக் காரணத்தைச் சொல்ல நாக்கு கூசுகிறது. பெருமைதான், வேறென்ன. காஞ்சிபுரத்தில் கல்லூரி படித்த மூன்று வருஷமும் பட்டிமன்றத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கோப்பைகள் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடக்கின்றன. கம்பெனிக்கு வந்தபிறகு பம்பரோடு பேசி என்ன பிரயோஜனம்? எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஜெயிப்பவள்தான் பேச்சாளி என்று தமிழ் மேடம் சொல்லிச் சொல்லி வளர்த்த திமிர் அவளுக்குள் அப்படியே இருந்தது. எதிர்ப்பக்கம் நின்று ஜெயித்துக் காட்டினால் இந்த மொத்தக் கம்பெனியும் வாயைப் பிளக்கும் என்று நினைத்தாள். கிளியம்மாளை நினைக்காமல் இல்லை. நினைத்தாள். கதை வேறு, கம்பெனி வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விசாரணை எப்படியும் விழாவுக்கு மறுநாள் இருக்கிறது, அங்கே போய் உண்மையைச் சொல்லத்தானே போகிறோம் என்றும் சொல்லிக்கொண்டாள்.

விழா அன்று கேன்டீனில் பொங்கல் வைத்தார்கள். தீ கொளுத்த அனுமதி இல்லை என்பதால் இன்டக்‌ஷன் அடுப்பில் அலங்காரப் பானை. பானை மண் என்பதால் அடுப்பு வேலை செய்யவில்லை. சமையலறையில் ஏற்கெனவே வேகவைத்த பொங்கலைப் பானைக்குள் கொட்டி, மேலே பாலை ஊற்றி, வழியவிட்டு, "பொங்கலோ பொங்கல்" என்றார்கள். ஒட்டுகிற வேட்டி கட்டிய அதிகாரிகள் கரும்பைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் ஓரமாகச் சுவரை ஒட்டி நின்றார்கள். கிளியம்மாளும் கையில் மாப்போடு நின்றாள். பொங்கல் கீழே சிந்தினால் துடைக்க வேண்டுமே.

பிரவீன் முதலில் பேசினான். பாவம், அவனுக்குப் பேச்சு வரவில்லை. மனசில் ஹெல்டனை வைத்துக்கொண்டு வாயால் திட்டவேண்டும் என்றால் எப்படி வரும்? "கதவ மூடுனது தப்பு... ஏன்னா உள்ள ஆளுங்க இருந்தாங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வியர்த்து உட்கார்ந்தான். எத்தனை தடுமாறினாலும் அன்று அந்த மேடையில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான். ஒருத்தரும் கைதட்டவில்லை.

ரஞ்சனி எழுந்தாள். மைக்கைத் தொட்டதும் உடம்பில் பழைய சூடு ஏறியது.

"நடுவர் அவர்களே! ஒரு கதவு. அந்தப் பக்கம் நூறு உயிர், இந்தப் பக்கம் நாலாயிரம் உயிர். நல்ல பெயர் வேண்டும் என்று நினைக்கிறவன் கதவைத் திறந்து வைப்பான். எல்லாரும் பிழைக்க வேண்டும் என்று நினைக்கிறவன் மூடுவான். மூடிவிட்டு, அந்தப் பழியை ஆயுள் முழுக்கச் சுமப்பான். ஹெல்டன் கண்ணில் வந்தது ஒரு சொட்டு நீர்தான் என்று சிலர் கேலி செய்கிறார்கள். ஐயா, ஓங்கி அழுவதற்குக்கூட உரிமை இல்லாதவனுக்குப் பெயர்தான் தலைவன்!"

கைதட்டல் கேன்டீன் கூரையை இடித்தது. மேடம் எழுந்து நின்று தட்டினார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டத்தை அழவைக்காமல் இறங்கினால் அவளுக்கு ஆகாது. குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த மோரா இப்போது இங்கே வந்து நின்றால் என்ன சொல்வாள்? நம்மைத் திட்டுவாளா? மாட்டாள். என்ன சொல்லுவா தெரியுமா? 'எனக்கு இன்னா கண்ணு, நான் பொழச்சி இன்னா கோட்டையா கட்டப் போறேன்? என் ஒருத்திக்கோசரம் அத்தினி புள்ளைங்க பூடணுமா? அவுரு கதவ மூடலப்பா. அவுரு புள்ளைங்களக் காப்பாத்துனாரு' என்பாள்!"

மூன்று சீசன் பார்த்தும் மோரா இப்படிப் பேசி ரஞ்சனி கேட்டதில்லை. அந்தக் குரல் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அந்த நேரத்தில் அவளுக்கே தெரியவில்லை. இருமலுக்கு நடுவே மூச்சு வாங்குவதைக்கூடச் சேர்த்துப் பேசியிருந்தாள். முன்வரிசைப் பெண்கள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தார்கள். பிரவீனும் தட்டினான்.

இளங்கோவன் தீர்ப்புச் சொல்ல எழுந்தபோது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. அவர் உண்மையாகவே தன்னை நினைத்து உருகிப்போயிருந்தார். நடிப்பாக இருந்திருந்தால்கூடப் பார்க்கச் சகித்திருக்கும். "கதவை மூடியது சரியே" என்றார். ஹாட் பாக்ஸைப் பரிசாகக் கொடுக்கும்போது குனிந்து, "ரொம்பத் தெளிவா பேசினம்மா. நாளைக்கும் இதே தெளிவோட பேசு" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் ரஞ்சனியின் சூடெல்லாம் இறங்கிவிட்டது. அரங்கத்தைப் பார்த்தாள். எல்லாரும் எழுந்து பொங்கல் வாங்க முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். சுவர் ஓரத்தில் கிளியம்மாளைக் காணோம்.

கை கழுவுகிற இடத்தில்தான் பிடிக்க முடிந்தது. கிளியம்மாள் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரஞ்சனியைப் பார்த்ததும் ஈரக் கையாலேயே அவள் கன்னத்தைத் தொட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் ரஞ்சனி வந்திருந்தாள்.

"இன்னாமா பேசுற பாப்பா! நானே அளுதுட்டேன்."

"அக்கா, அது..."

"ரெண்டு மாசமா அந்த மனுசன சபிச்சிகினு கீறேன். காலைல எழுந்தா ஒரு தபா, படுக்கச் சொல்லோ ஒரு தபா. நெஞ்சு எரியுதா, புகை எரியுதா, என் சாபமே எரியுதான்னு தெரியல. நீ சொன்னப்புறம்தான் புரிஞ்சிது. வெளிய அத்தினி புள்ளைங்க நின்னீங்க. நீயும்தான் நின்ன. தீ வெளிய வந்திருந்தா? அவுரும் இன்னாதான் செய்வாரு?"

"ஐயோ அக்கா, அப்படி இல்ல! வெளிய ஒண்ணுமே ஆயிருக்காது. தீ ஒரு மூலையிலதான் எரிஞ்சிது. ஒரு நிமிசம் தொறந்து வெச்சிருந்தா நீங்களே நடந்து வந்திருப்பீங்க. அவரு எண்ணிக்கைல நீங்க இல்ல, அவ்ளோதான்! இது போட்டிக்கு பேசுனதுக்கா. எனக்குச் சீட்டுல அந்தப் பக்கம் வுழுந்துச்சு. மனசார பேசல."

கிளியம்மாள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. ரஞ்சனி முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"சீட்டுல வுழுந்தா இன்னா? மனசுல இல்லாதது வாயில அப்படி வருமா? அந்த மோரா பேசுனாளே, அது என் பேச்சாட்டமே இருந்துச்சு. எனக்கே சொல்லத் தெரியாதத நீ சொன்ன." மாப்பை எடுத்துக்கொண்டாள். "மனசு லேசாயிடுச்சி பாப்பா. நீ நல்லா இரு."

ரஞ்சனி ஹாட் பாக்ஸை அங்கேயே குழாயடியில் வைத்துவிட்டு வந்தாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஆளாளுக்கு அவள் பேச்சைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ போனில் எடுத்த வீடியோ அதற்குள் குரூப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தன் குரலைக் கேட்கக் கேட்க அசிங்கமாக இருந்தது. காதைப் பொத்திக்கொண்டு வல்லக்கோட்டையில் இறங்கினாள். நாளை ஒரு நாள் இருக்கிறது, நாளை சரிசெய்துவிடலாம் என்று மட்டும் நினைத்தாள்.

மறுநாள் காலை விசாரணை, கண்ணாடி போட்ட மீட்டிங் ரூமில். சென்னையிலிருந்து வனமாமலை என்று ஒரு வக்கீல் விசாரணை அதிகாரியாக வந்திருந்தார். வயதானவர், பொறுமைசாலி, கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. மகாலட்சுமி மேடம் ஒரு பக்கம், இளங்கோவன் ஒரு பக்கம், சாட்சியாக ரஞ்சனி கடைசியில். கிளியம்மாளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

"சொல்லும்மா. உள்ள தூங்கிட்டிருந்தியா?" என்றார் வக்கீல்.

"இல்ல சார். துடைச்சிகினு இருந்தேன்."

"நீ உள்ள இருக்கறது தெரிஞ்சே கதவ மூடிட்டாங்கன்னு புகார் சொல்லியிருக்கியே?"

"சொன்னேன் சார். இப்ப வேணாம் சார்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கதவ மூடுனது சரிதான். வெளிய புள்ளைங்க நின்னுதுங்க. எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல."

இளங்கோவன் தலையைக் குனிந்துகொண்டார். மேடம் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்கள். ரஞ்சனிக்கு அந்த அறையில் இருந்த ஏசி காற்றே நாறுவது போல இருந்தது. அவள் முறை வருவதற்குள் எழுந்துவிட்டாள்.

"சார், நான் சொல்றேன். நான் கண்ணால பாத்தேன். அக்கா தூங்கல, மாப் எடுத்துகினு போனத பாத்தேன். தலை எண்ணும்போதே 'உள்ள ஆள் இருக்கு'ன்னு நான் கத்துனேன். இளங்கோவன் சார் என் மூஞ்சியப் பாத்தாரு. பாத்துட்டுதான் பட்டன அமுக்குனாரு. கதவுகிட்ட தீயே வரல. அவங்களக் கூப்புட நேரம் இருந்துச்சு. கூப்புடல. இது சத்தியம் சார்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். இளங்கோவன் கோபப்படவே இல்லை. வருத்தமான முகத்தோடு அவளைப் பார்த்தார்.

"ரஞ்சனி, நேத்து அத்தனை பேர் முன்னாடி நீயே எவ்வளவு அழகா எடுத்துச் சொன்ன? சார், வீடியோ இருக்கு, வேணும்னா பாக்கலாம். கதவ மூடித்தான் ஆகணும்னு இந்தப் பொண்ணுதான் பேசி ஜெயிச்சுது."

"அது பட்டிமன்றம் சார்! நீங்க குடுத்த தலைப்பு! அது கதை!" என்றாள் ரஞ்சனி. இப்போதும் மைக் பிடித்தவள் மாதிரியே கை நீண்டிருந்தது. அதைப் பார்த்துச் சட்டென்று மடக்கிக்கொண்டாள்.

வக்கீல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கிளியம்மாள் பக்கம் திரும்பினார். "அம்மா, நீதான் சம்பந்தப்பட்டவ. நீயே சொல்லு. இந்தப் பொண்ணு இப்ப சொல்றது உண்மையா?"

கிளியம்மாள் ரஞ்சனியைப் பார்த்தாள். பெற்ற மகளைப் பார்ப்பதுபோல் அவ்வளவு அன்பாகப் பார்த்தாள். பிறகு வக்கீலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பாப்பாவ ஒண்ணும் பண்ணிடாதீங்க சார். எனக்கு வேல போயிடும்னு எனக்கோசரம் பொய் சொல்லுது. அதோட மனசுல கீறது நேத்து சொன்னதுதான்."